வேலைக்கான உடுப்பு வாங்குமுன்: துணி, தையல், விலை, தயாரித்த நாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தச்சு, வெல்டிங், கட்டுமானம், கிடங்கு, தோட்டம், வண்டி பழுதுபார்ப்பு என்று உடுப்பைப் போட்டு அடிக்கிற வேலை செய்பவர்களுக்கான பக்கம் இது. வேலைக்குப் போடும் பேன்ட், ஜாக்கெட், சட்டை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே இருக்கின்றன.

தரம், விலை, தயாரித்த நாடு – முதலில் எதைப் பார்ப்பது?

மூன்றையும் விட்டுவிட்டு உங்கள் பழைய பேன்டைப் பாருங்கள். அது எந்த இடத்தில் போனது? டைல்ஸ் பதிப்பவருக்கு முட்டி நைந்திருக்கும். தச்சருக்கு அளவு டேப்பின் கொக்கி உரசி உரசிப் பாக்கெட்டின் விளிம்பு பிய்ந்திருக்கும். பெட்டி தூக்குபவருக்கு ஜாக்கெட்டின் முன்கையும் வயிற்றுப் பகுதியும் வெளுத்து இழை தெரியும். நாள் முழுக்க ஏறி இறங்கிக் குந்தி வேலை செய்பவருக்குத் துணி நன்றாகவே இருக்கும். கவட்டுத் தையல்தான் விட்டுப்போயிருக்கும்.

பழையது போன விதம்தான் புதியதில் எதைத் தேடவேண்டும் என்று காட்டும். முட்டி நைகிறவர் கூடுதல் கனத் துணிக்குப் பணம் கொடுப்பதைவிட முட்டியில் இரட்டைத் துணி வைத்த பேன்டுக்குக் கொடுக்கலாம். தையல் விடுகிறவருக்கு இரட்டை முட்டியால் ஒரு பயனும் இல்லை. பேட்டரி அமிலம் தெறிக்கும் வேலையில் இருப்பவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த பருத்தித் துணியும் சல்லடை ஆகிவிடும். பாலியெஸ்டர் கலந்த சாதாரணத் துணி அதைவிடத் தாங்கும். இந்த முதல் கணக்கைப் போடாமல் “நல்ல பிராண்ட் எது?” என்று கேட்டால் வரும் பதில் வேறு ஒருவருடைய வேலைக்கான பதிலாகத்தான் இருக்கும்.

12 அவுன்ஸ், 300 ஜிஎஸ்எம் என்றெல்லாம் போடுகிறார்களே, கனம் கூடினால் உழைப்பும் கூடுமா?

ஓரளவு வரை. அவுன்ஸ் என்பது ஒரு சதுர கஜத் துணியின் எடை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். 1 அவுன்ஸ் ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம். ஆகவே 12 அவுன்ஸ் கேன்வாஸ் என்றால் 400 ஜிஎஸ்எம்-க்குச் சற்று மேல். கனமான வேலை ஜாக்கெட்டுகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

ஆனால் எடை என்பது அளவு மட்டுமே. முறுக்கு குறைந்த, குட்டை இழையில் திரித்த நூலைக் கொண்டும் கனமான துணி நெய்யலாம். அது தொட்டால் தடிமனாக இருக்கும்; சில மாதத்தில் மேலே பஞ்சு பிரிந்து கொட்டும். விரல் நகத்தால் துணியை அழுத்திக் கீறிப் பாருங்கள். இழை நகர்ந்து வழி விட்டால் நெசவு தளர்வு. இன்னொன்று: விறைப்பான கனத் துணி மடிப்பு விழும் இடத்திலேயே அடிபடும். கால் பாத மடிப்பிலும் முழங்கைச் சுருக்கத்திலும் முதலில் வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான். வெயிலில் வேலை செய்பவர் கனத்தைத் துரத்தவே வேண்டாம். வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டிய துணி குந்தும்போது இழுபட்டுக் கிழியும்.

பருத்தியா, கலப்பா, நைலானா?

தீப்பொறி பறக்கும் வேலை என்றால் பாலியெஸ்டரும் நைலானும் வேண்டாம். பருத்தி கருகும், அவை உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் தீப்பற்றும் என்பதை மறக்கக்கூடாது. வெல்டிங்குக்கு அதற்கென உள்ள உடுப்புதான், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தீ இல்லாத வேலைகளுக்குக் கலப்புத் துணியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1967இல் வந்த டிக்கீஸ் 874 பேன்ட் 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி. சீக்கிரம் காயும், சுருங்காது, உரசலைத் தாங்கும். பல பட்டறைகளில் சீருடையாகவே நிலைத்ததற்கு அதுதான் காரணம். கோர்டுரா என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உறுதி கூட்டிய நைலான். முட்டி, பாக்கெட் வாய், கால் ஓரம் போன்ற இடங்களில் ஒட்டாக வைத்திருந்தால் அது பணத்துக்கு ஏற்ற வேலை. முழு உடுப்பும் அதிலேயே இருந்தால் புழுங்கும்.

எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை 1 அல்லது 2 சதவீதம் கலந்தால் குந்த எழ வசதி. அதற்கும் ஒரு விலை உண்டு: சூடான உலர்த்தியும் குளோரின் பிளீச்சும் அந்த இழையைக் கொன்றுவிடும். பிறகு முட்டி தொளதொளவென்று புடைத்தே நிற்கும்.

கடையில் நின்றபடியே தையலைச் சோதிக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பேன்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

முதலில் கவட்டுப் பகுதி. நான்கு துணித் துண்டுகள் வந்து சேரும் இடம் அது. இரண்டு விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று மடித்துச் செருகி, மேலே இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் ஓடியிருந்தால் வெட்டு விளிம்பே கண்ணில் படாது. அது நல்ல வேலை. ஒரே வரிசைத் தையல், விளிம்பில் ஓவர்லாக் மட்டும் என்றால் அது அலுவலகம் போக வர இருக்கும் பேன்ட். பெயர் மட்டும் வேலை பேன்ட். அங்கே வைர வடிவில் ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது. நான்கு தையலின் இழுப்பும் ஒரே புள்ளியில் விழாமல் பிரிந்துவிடும்.

அடுத்து, ஒரு தையலின் இரு பக்கத் துணியையும் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக மெல்ல இழுங்கள். நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி பல்லைக் காட்டினால் இழுவிசை தளர்வு, அல்லது தையல் இடைவெளி அதிகம். கனத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 7 முதல் 10 தையல் வரை இருப்பது சரியான அளவு. அதற்கு மேல் நெருக்கினால் பலம் கூடுவதில்லை. ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலைத் தாளைப் போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பிறகு தையலின் வகை. இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் பூட்டுத் தையல். உள்பக்கம் சங்கிலி வளையமாகத் தெரிந்தால் சங்கிலித் தையல். சங்கிலி கொஞ்சம் நெகிழும் என்பதால் நீண்ட கால் தையலுக்குப் பொருத்தம். ஆனால் ஓரிடத்தில் அறுந்து, சரியான முனை கையில் சிக்கினால் சரசரவென்று முழுநீளமும் உருவி வந்துவிடும். அதனால்தான் இரண்டு மூன்று வரிசை வைக்கிறார்கள்.

பாக்கெட் மூலை, இடுப்புப்பட்டி வளையம், ஜிப்பின் அடி ஆகிய இடங்களில் சின்னக் கட்டையாக நெருக்கித் தைத்த பார்டேக் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவிட் செய்யும் வேலையும் அதேதான். நெவாடாவின் ரீனோவில் இருந்த தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் பாக்கெட் மூலை பிய்வதைத் தடுக்கச் செம்பு ரிவிட் அடித்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார். இன்று பல பேன்ட்களில் ரிவிட் அலங்காரம்தான். பின்னால் துணி ஒற்றையாக இருந்தால் அது எதையும் தாங்காது.

கடைசியாகப் பாக்கெட்டுக்குள் முஷ்டியை விட்டுப் பாருங்கள். வெளியே காட்டுகிற துணியில் செலவழித்துவிட்டுப் பாக்கெட் பையில் மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டு மிச்சம் பிடிப்பது எல்லா விலையிலும் நடக்கிறது. ஆணி, திருகு, சாவி போடும் கைக்கு ஆறே மாதத்தில் தொடை தட்டுப்படும். ஒரு தயாரிப்பாளர் யாரும் பார்க்காத இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஜிப்பைப் பார்த்தே தரத்தைச் சொல்லலாம் என்கிறார்களே?

கெட்டதைச் சொல்லலாம், நல்லதைச் சொல்ல முடியாது. ஒய்கேகே ஜிப் நம்பகமானது. 1934இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம், இன்று உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் மட்டமான பேன்டிலும் நல்ல ஜிப் வைக்கலாம், செலவு சொற்பம். பெயரே இல்லாத, இழுக்கும்போது திக்குகிற ஜிப் இருந்தால் மட்டும் மற்ற இடங்களையும் சந்தேகியுங்கள்.

லேபிளில் உள்ள நாடு உண்மையில் எதைக் குறிக்கிறது?

பெரும்பாலும் வெட்டித் தைத்துச் சேர்த்த இடத்தை. பருத்தி விளைந்தது ஒரு நாடு, நூல் திரித்தது இன்னொரு நாடு, நெய்து சாயம் போட்டது மூன்றாவது நாடு என்று இருக்கலாம். லேபிளில் கடைசி நிறுத்தம் மட்டும்தான் வரும்.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் உடுப்பின் லேபிளில் நாட்டைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் இணையத்தில் விற்கும்போது ‘இறக்குமதி’ என்று மட்டும் போட்டால் போதும். எந்த நாடு என்பது உடுப்பு கைக்கு வந்த பிறகே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இழைகளின் விகிதத்தைக் கட்டாயம் எழுதவேண்டும், நாட்டை எழுதவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. அடைமொழி எதுவும் இல்லாமல் ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று போட வேண்டுமென்றால் ‘முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும்’ அங்கேயே ஆகியிருக்கவேண்டும் என்கிறது அந்நாட்டு வணிக ஆணையம். 2021இல் வந்த விதி அதை மீறினால் அபராதத்துக்கும் வழி செய்தது. இதனால்தான் ‘இறக்குமதித் துணியில் அமெரிக்காவில் தைத்தது’ என்ற நீண்ட வாசகத்தைப் பார்க்கிறோம். அதை நான் நேர்மையான லேபிள் என்றே எடுத்துக்கொள்வேன். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1905 முதல் டெனிம் நெய்த ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடப்பட்ட பிறகு, அமெரிக்காவில் தைக்கிற சிறு பட்டறைகள் பலவும் ஜப்பான் துணியை நோக்கிப் போயின.

சில நாட்டுச் சரக்கு என்றாலே மட்டம் என்பது உண்மையா?

இல்லை. துணியின் எடை, அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த நூல், எத்தனை உருப்படிக்கு எத்தனையைப் பரிசோதிப்பது என்பதையெல்லாம் வாங்கும் நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. தொழிற்சாலை அந்தத் தாளைப் பார்த்துத் தைக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஒரு வரிசையில் மூன்று ஊசித் தையல் ஜாக்கெட்டும், பக்கத்து வரிசையில் ஒரு பருவம் கூடத் தாங்காத சட்டையும் ஓடும். தைக்கிற கை ஒன்றுதான்.

ஸ்வீடனின் பிளோக்லேடர் நிறுவனம் இலங்கையிலும் வியட்நாமிலும் சொந்தத் தொழிற்சாலைகளில் தைக்கிறது. கடினமான வேலைக்கு அதை நம்பி வாங்குபவர்கள் ஏராளம். அமெரிக்க நிறுவனமான கார்ஹார்ட் உள்நாட்டில் கென்டக்கியிலும் டென்னசியிலும் தைக்கிறது, மெக்சிகோ போன்ற நாடுகளிலும் தைக்க வைக்கிறது. இரண்டு லேபிளையும் மறைத்துவிட்டுக் கையில் கொடுத்தால் தையலை வைத்து நாட்டைச் சொல்பவர் அபூர்வம்.

நாட்டுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஜப்பானின் ஒக்காயாமாவில் கொஜிமா என்ற ஊரைச் சுற்றி நெசவு, சாயம், தையல், சலவை எல்லாம் தலைமுறையாக ஒன்றாக இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் தவறு நடந்தால் அடுத்த தெருவில் போய்ச் சரிசெய்ய ஆள் உண்டு. ஆனால் அது அந்த ஊரின் வளம். நாட்டின் பெயரைத் தாங்கிய எல்லாச் சரக்குக்கும் அதை நீட்டக்கூடாது.

கூலி அதிகமான நாட்டில் தைத்தால் விலை ஏன் அவ்வளவு ஏறுகிறது?

கூலி வித்தியாசம் கடைக்கு வருமுன் பெருக்கப்படுவதால். மொத்த வியாபாரியும் கடைக்காரரும் தங்கள் பங்கைச் சதவீதமாகத்தான் வைக்கிறார்கள். தொழிற்சாலை வாசலில் ஒரு பங்கு கூடினால், இரண்டு கை மாறி வரும்போது அது மூன்று நான்கு பங்காகிவிடும். ஆக, நீங்கள் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பகுதிதான் தைத்தவருக்குப் போகிறது. இடையில் ஆள் இல்லாமல் நேராக விற்கும் சிறு பட்டறைகளிடம் வாங்கினால் இந்தக் கணக்கு வாங்குபவருக்குச் சாதகமாக மாறும்.

தொழிலாளருக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். நாட்டைப் பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது. ஆனால் நாட்டைப் பற்றி யோசிக்கச் சரியான காரணம் இதுதான்; நாட்டின் பெயர் சட்டத்தையும் கூலியையும் பற்றி ஏதோ சொல்கிறது, தையலைப் பற்றி அல்ல.

2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சாவரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை செய்து, அங்குள்ள ஆலைகளில் தீயணைப்பு, மின்சாரம், கட்டட உறுதி என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். அந்த நாட்டை ஒதுக்கினால் சோதனைக்கு உட்பட்ட ஆலையும் சேர்ந்தே ஒதுக்கப்படுகிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க ஆட்சியில் உள்ள சைபன் தீவில் தைத்த உடுப்புகள் ‘அமெரிக்கத் தயாரிப்பு’ லேபிளோடு விற்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வந்த தொழிலாளர்கள் அங்கே பட்ட பாடு 1999இல் வழக்காக வெடித்தது. கலிபோர்னியாவில் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் குறைந்தபட்சக் கூலியை ஏமாற்றும் வழக்கத்தைத் தடுக்க 2021இல்தான் தனிச் சட்டம் வந்தது.

நாட்டைவிட இரண்டு கேள்விகள் பயன்படும். நிறுவனம் தன் தொழிற்சாலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடுகிறதா? சொந்த ஆலையா, அல்லது ஒவ்வொரு பருவமும் மலிவான இடத்துக்கு மாறுகிற ஒப்பந்தமா? முதல் கேள்விக்கு ‘நாங்கள் நெறிமுறைகளைக் கடைப்பிடிக்கிறோம்’ என்று பதில் வந்தால், ‘இல்லை’ என்று புரிந்துகொள்கிறேன்.

இரண்டரை மடங்கு விலை கொடுப்பது எப்போது லாபம்?

விலையை, போட்டுத் தேயும்வரை உள்ள வேலை நாட்களால் வகுங்கள். இரண்டரை மடங்கு விலை உள்ளது மூன்று மடங்கு உழைத்தால் லாபம். ஒன்றரை மடங்கு உழைத்தால் பெயருக்குக் காசு. அடிமட்டத்திலிருந்து நடுத்தர விலைக்கு ஏறும்போதுதான் உழைப்பு நன்றாகக் கூடுகிறது. நல்ல நூல், இரட்டைத் தையல், பார்டேக் எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன. அதற்கு மேல் கொடுப்பது தைத்த இடம், சிறு அளவு உற்பத்தி, பார்வைக்கான அழகு ஆகியவற்றுக்கு. அது தவறில்லை; உழைப்புக்காகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால்தான் ஏமாற்றம்.

உடுப்பு தேய்ந்து சாகாத வேலையும் இருக்கிறது. பெயின்ட், தார், கிரீஸ் பட்டு மூன்று மாதத்தில் தூக்கிப் போடுகிறவருக்கு மலிவானதே சரி. இடுப்பளவு நிலையில்லாதவர்களுக்கும் அப்படியே.

அந்தக் காலத்துச் சரக்கு போல இப்போது இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 50 வருடத்துக்கு முந்தைய ஜாக்கெட் ஒன்றைக் காட்டி ‘எப்படி உழைத்திருக்கிறது பார்’ என்பார்கள்; அதோடு பிறந்து குப்பைக்குப் போன ஆயிரம் ஜாக்கெட்டைக் காட்ட முடியாது. மறுபாதி, கைமாற்றம். டிக்கீஸ் 1922இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கியது. 2017இல் விஎஃப் என்ற பெரிய குழுமம் வாங்கியது. 1889இல் டெட்ராய்டில் தொடங்கிய கார்ஹார்ட் இன்னும் குடும்பத்தின் கையில். பெயர் நிலைத்தாலும் உள்ளே துணியின் எடை மாறலாம். அதே மாடல்தானே என்று பார்க்காமல் வாங்கவேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு உலகம் இருப்பதையும் கவனியுங்கள். கார்ஹார்ட் விப் என்பது தெரு நாகரிகத்துக்கான தனி வரிசை. விலை அதிகம் என்பதால் அதிகம் உழைக்கும் என்று கட்டுமான வேலைக்கு அதை வாங்குவது வீண்.

இணையத்தில் வாங்கும்போது கையால் தொட முடியாதே?

துணியின் எடையையும் இழை விகிதத்தையும் எண்ணாகப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். ‘அதிக உறுதி’, ‘பிரீமியம்’ என்று மட்டும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டு, ஓராண்டு போட்டவர் எழுதிய மூன்று நட்சத்திர விமர்சனத்தைத் தேடுங்கள்.

சுருங்குமா?

சான்ஃபரைஸ்டு என்று இருந்தால் மிகக் கொஞ்சம். அமெரிக்கர் சான்ஃபோர்ட் குளூவெட் 1930 வாக்கில் கொண்டுவந்த முறை அது. துணியை வெட்டுமுன்பே இயந்திரத்தில் சுருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யாத டெனிம் 10 சதவீதம் வரைகூடச் சுருங்கலாம்.

பாதுகாப்பு உடுப்புக்கும் இதே கணக்குதானா?

இல்லை. இங்கே நாடும் விலையும் பின்னால் நிற்கவேண்டும். தர எண்தான் முன்னால். வெல்டிங்குக்கு ஐஎஸ்ஓ 11611, வெப்பத்துக்கும் தீக்கும் ஐஎஸ்ஓ 11612, தூரத்திலிருந்தே தெரியும் ஒளிர்நிற உடுப்புக்கு ஐஎஸ்ஓ 20471. எண் உடுப்பின் உள் லேபிளில் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அட்டையில் மட்டும் அச்சடித்திருந்தால் சந்தேகிக்கலாம். எத்தனை சலவை வரை தாங்கும் என்று லேபிளில் போட்டிருந்தால் அதை மீறாதீர்கள். எண்ணெய் ஊறிய தீத்தடுப்பு ஜாக்கெட் தீயைத் தடுக்காது, அதற்கு எரிபொருளாகும்.

எப்போது ஒட்டுப் போடுவது?

ஓட்டை விழுமுன். துணி மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் உள்பக்கம் ஒரு துண்டு வைத்துத் தைத்தால் இன்னொரு வருடம் ஓடும். ஓட்டை விழுந்த பிறகு சுற்றிலும் தையலைப் பிடிக்க நல்ல துணி இருக்காது. மடித்துச் செருகிய தையல் உள்ள பேன்டில் முட்டியை மாற்ற, வெளிப்பக்கத் தையல் ஒன்றையாவது பிரிக்கவேண்டிவரும். தையல்காரர் முகம் சுளிப்பார், செய்துதருவார்.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்றால் நம்பலாமா?

யாருடைய வாழ்நாள் என்று படியுங்கள். பெரும்பாலும் ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்ற வரி இருக்கும். வேலை உடுப்பு சாவதே இயல்பான தேய்மானத்தால்தான். தையலுக்கு மட்டும் உத்தரவாதம் என்று குறுக்கிச் சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவேன். தாங்கள் எதற்குப் பொறுப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, துவைத்து அனுப்பவேண்டுமா, ரசீது கேட்பார்களா என்பதையும் வாங்குமுன்பே பார்த்துவிடுங்கள். ரசீது கேட்பார்கள் என்றால் அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. வெப்பத்தில் அச்சாகும் கடைச் சீட்டு, பேன்டின் முதல் தையல் விடுவதற்குள் வெளுத்துவிடும்.